நுனிக்காலில் நடக்கும் மகன்: காத்திருக்கலாமா, காட்ட வேண்டுமா?

ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு இப்போது 3 வயது 8 மாதம். 13-ஆவது மாதத்தில் நடக்கத் தொடங்கினான். அன்று முதலே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில்தான் நடை. ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் அதை ரசித்திருக்கிறார்கள். "குதிகாலை வச்சு நடப்பா" என்று சொன்னால் நாலு எட்டு ஒழுங்காக வைப்பான், அப்புறம் மறந்துவிடுவான். கடந்த ஐந்தாறு மாதங்களாக, சொன்னாலும் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் குதிகாலைத் தரையில் வைக்கிறானாம். கெண்டைக்கால் சதை இரண்டும் உருண்டு திரண்டு கெட்டியாக இருக்கிறது. ஓடும்போது அடிக்கடி விழுகிறான். ஆனால் குந்தி உட்கார்ந்து விளையாடும்போது குதிகால் தரையில் நன்றாகப் படிகிறது. "அதனால் நரம்பு இறுகவில்லை என்றுதான் நினைக்கிறேன்" என்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "இவன் அப்பாவும் சின்ன வயசில் இப்படித்தான் நடந்தான், தானா சரியாயிடும்" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் ஆட்டிசமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. உறவினர் ஒருவர், ஊசி போட்டால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஒரு சின்ன ஆபரேஷன்தான் என்கிறார். இதற்கிடையில் வீடியோ பார்த்து இவரே தினமும் மகனின் காலை நீட்டிவிடுகிறார். பையன் அழுதுகொண்டு ஓடிவிடுகிறான். எட்டாவது மாதத்தில் வாக்கரில் விட்டதுதான் இதற்கெல்லாம் காரணமோ என்ற குற்ற உணர்வு வேறு. நர்சரியில் ஆசிரியை இப்போது அவன் நடக்கும்போதெல்லாம் அதட்டுகிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலான பெற்றோருக்கு என் பதில் "பயப்படாதீர்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் விஷயத்தில் பயப்பட வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன். பொறுத்துப் பார்க்கும் காலம் முடிந்துவிட்டது. வரும் வாரங்களில் மகனை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்படி நினைக்க வைத்தவை உங்கள் கடிதத்தில் இருந்த மூன்று செய்திகள்: பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது, உருண்ட கெண்டைக்கால், அடிக்கடி விழுவது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் மாமியார் சொன்னதில் உள்ள உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நடக்கப் பழகும் குழந்தைகள் நுனிக்காலில் நடந்து பார்ப்பது சகஜம். 2 வயதுவரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஒருமுறை காட்டுவது நல்லது. நோய் எதுவும் இல்லாமல், வெறும் பழக்கமாகவே நுனிக்காலில் நடக்கும் குழந்தைகள் நிறைய உண்டு. இது குடும்பத்தில் வருவதும் உண்மை. அப்பா, அத்தை, தாத்தா என்று யாராவது ஒருவர் இப்படி நடந்திருப்பார்கள். சுவீடனில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட ஐந்தரை வயதுக் குழந்தைகளைப் பார்த்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் ஏதோ ஒரு காலத்தில் நுனிக்காலில் நடந்தவர்கள். அந்த 5 சதவீதத்தில் பாதிக்கு மேல் ஐந்தரை வயதுக்குள் தாமாகவே விட்டுவிட்டார்கள். அதே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், 10 வயதுக்குள் ஐந்தில் நான்கு பேருக்கு நடை சரியாகிவிட்டது.

நல்ல செய்திதான். ஆனால் இந்தக் கணக்கு கணுக்கால் தளர்வாக இருக்கும் குழந்தைக்குத்தான் ஆறுதல் தரும். கணுக்கால் இறுகிவிட்ட குழந்தைக்கு நடையை மாற்ற மனம் வந்தாலும் கால் இடம் தராது. ஆகவே மகன் நுனிக்காலில் நடக்கிறானா என்பதைவிட, குதிகால் இறங்க அவனுடைய கணுக்கால் விடுகிறதா என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

குந்தும்போது குதிகால் படிவதை நம்ப வேண்டாம்

நீங்கள் தவறாக எடுத்துக்கொண்ட இடம் இதுதான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் கீழே போய் ஒரே தசைநாணாகக் குதிகாலில் சேர்கின்றன. அதைத்தான் நாம் பேச்சில் குதிகால் நரம்பு என்கிறோம். மேலே இருக்கும் தசை முழங்காலுக்கு மேலிருந்து, தொடை எலும்பிலிருந்தே தொடங்குகிறது. உள்ளே இருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. குந்தி உட்காரும்போது முழங்கால் மடங்குவதால் மேல் தசை தளர்ந்துவிடும். அது எவ்வளவு குறுகியிருந்தாலும் குதிகால் சுலபமாகத் தரைக்கு வந்துவிடும். எழுந்து முழங்காலை நீட்டினால் அதே தசை விறைத்து இழுக்கும், குதிகால் மேலே போகும். உங்கள் மகனிடம் நீங்கள் பார்ப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். அவன் தூக்கக் கலக்கத்தில் மல்லாந்து படுத்திருக்கும்போது, முழங்கால் நேராக இருக்கட்டும். ஒரு கையால் குதிகாலைக் கிண்ணம்போல் ஏந்திப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெதுவாக அவன் முகத்தை நோக்கி மடக்குங்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாக வந்து, அதைத் தாண்டியும் சுமார் 10 டிகிரியாவது சுலபமாக மடங்க வேண்டும். செங்குத்துக்கு முன்பே கெட்டியாக நின்றுவிட்டால் தசை குறுகியிருக்கிறது. பிறகு முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு அதையே செய்து பாருங்கள். மடக்கும்போது நிறைய வந்து, நீட்டும்போது வரவில்லை என்றால் சிக்கல் அந்த மேல் தசையில். மருத்துவரும் இதையேதான் செய்து, கோணமானியால் அளந்து குறித்துக்கொள்வார். உங்கள் கை கண்டதைவிட அவர் அளந்த எண் முக்கியம், ஏனென்றால் அடுத்த முறை அதோடுதான் ஒப்பிட முடியும்.

இப்போது அந்தப் பாதம் திருப்பும் விஷயம். முன்பெல்லாம் சொன்னவுடன் குதிகாலை வைத்தவன், இப்போது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறான் என்கிறீர்கள். கணுக்கால் போதுமான அளவு மடங்காதபோது குழந்தை கண்டுபிடிக்கும் குறுக்குவழி அது. பாதத்தை வெளியே திருப்பி, உள்பக்க வளைவைத் தட்டையாக்கினால் குதிகால் தரையில் பட்டது போலத் தெரியும். சில குழந்தைகள் முழங்காலைப் பின்பக்கமாக வளைத்து இதையே செய்வார்கள். பார்ப்பவர்களுக்கு "சொன்னா கேட்கிறானே" என்று தோன்றும். உண்மையில் பாதத்தின் நடுப்பகுதிதான் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. ஐந்தாறு மாதத்துக்கு முன் இல்லாத இந்த மாற்றம் இப்போது வந்திருப்பதால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

உருண்ட கெண்டைக்காலும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

நாள் முழுக்க நுனிக்காலில் நின்றால் கெண்டைக்கால் சதை தேறத்தான் செய்யும். நுனிக்காலில் நடக்கும் ஆரோக்கியமான குழந்தைகளிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் ஆண் குழந்தை, பெரிய கெண்டைக்கால், அடிக்கடி விழுதல் மூன்றும் சேர்ந்து வரும்போது, டூஷேன் என்னும் தசைச் சிதைவு நோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்வது எங்கள் வழக்கம். அபூர்வமான நோய்தான். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. இந்த வயதில்தான் மெல்ல வெளியே தெரியவரும். பெயரைத் தேடிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகன் 13 மாதத்திலேயே நடந்தவன், அது நல்ல அறிகுறி. இந்த நோய் உள்ள குழந்தைகளில் பலர் தாமதமாகத்தான் நடக்கிறார்கள்.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் பையனை, பிடிமானம் எதுவும் இல்லாத இடத்தில், எழுந்து வரச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எழுந்து ஓடி வந்தால் நல்லது. குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி ஊன்றித் தன் உடம்பைத் தானே ஏறிக்கொள்வதுபோல நிமிர்ந்தால், அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இதற்கு கவர்ஸ் அறிகுறி என்று பெயர். இடுப்பு, தொடைத் தசைகள் பலவீனமாக இருப்பதைக் காட்டும். படிக்கட்டில் தன் வயதுக் குழந்தைகளைவிட அதிகம் திணறுகிறானா என்பதையும் கவனியுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். கிரியேட்டின் கைனேஸ் என்பார்கள், லேபில் சிபிகே என்று எழுதியிருக்கும். இந்த நோய் இருந்தால் அந்த அளவு இயல்பைவிடப் பல மடங்கு, பல சமயம் பத்து மடங்குக்கும் மேல் எகிறியிருக்கும். இயல்பாக இருந்தால் அந்தக் கவலையை அங்கேயே விட்டுவிடலாம். பெரிதாக விழுந்து அடிபட்டிருந்தாலோ, தசையில் ஊசி போட்டிருந்தாலோ சில நாள் கழித்து எடுப்பது நல்லது, அப்போது கொஞ்சம் ஏறிக் காட்டலாம். உறவினர் சொன்ன ஆபரேஷனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. தசைச் சிதைவு உள்ள குழந்தை, பலவீனமான தொடைகளைச் சமாளித்து நிமிர்ந்து நிற்கத்தான் நுனிக்காலை நம்பியிருக்கிறது. காரணம் தெரியாமல் குதிகால் தசைநாணை நீட்டிவிட்டால் நடக்கும் திறனையே அது பறித்துவிடலாம். எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் காரணத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஆட்டிசம் பற்றி

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நுனிக்கால் நடை மற்றவர்களைவிட அதிகம், அது சரி. ஆனால் நுனிக்கால் நடையை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, தனக்குப் பிடித்ததை உங்களுக்கு விரலால் சுட்டிக் காட்டுகிறானா, பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை விளையாட்டு விளையாடுகிறானா, மற்றக் குழந்தைகளோடு சேர ஆசைப்படுகிறானா? இவற்றைத்தான் பார்க்க வேண்டும். நர்சரியில் நடந்ததையெல்லாம் வந்து கதையாகச் சொல்வான் என்று கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இருந்தாலும் மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மனதில் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, வளர்ச்சியை மதிப்பிடத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் பார்த்துச் சொல்வது மேல்.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகள்

உங்கள் கடிதத்தில் இவை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஒரு கால் மட்டும் நுனிக்காலில் நடந்தால் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பக்க இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம், ஒரு கால் நீளம் குறைந்திருக்கலாம், அல்லது அந்தப் பக்கக் கை கால்களை மூளை இயக்கும் விதத்தில் சிறு பாதிப்பு இருக்கலாம். நன்றாகக் குதிகால் பதித்து நடந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று நுனிக்காலுக்கு மாறினால் உடனே காட்ட வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்படுத்தப் பழகியபின் மறுபடி கட்டுப்பாடு போவது, முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது, கால்கள் விறைப்பாக ஒன்றை ஒன்று குறுக்கிடுவது, கற்றுக்கொண்ட திறமைகளை இழப்பது, இவையும் அப்படித்தான். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தையானால் பெருமூளை வாதம் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் கவனம் வேண்டும்.

அப்பாவையும் கூடவே அழைத்துப் போங்கள். சின்ன வயதில் அவர் நுனிக்காலில் நடந்தார் என்பது ஆறுதல்தான். என்றாலும் அவர் பாத வளைவு மிக உயரமாக இருக்கிறதா, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, கணுக்கால் அடிக்கடி பிசகுமா என்று மருத்துவர் பார்ப்பது நல்லது. குடும்பத்தில் வரும் சில நரம்புக் கோளாறுகள் பெரியவர்களின் பாதத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

நரம்பு, தசை பரிசோதனை எல்லாம் இயல்பாக இருந்தால் மூளை ஸ்கேன் தேவைப்படாது. இந்த வயதில் எம்ஆர்ஐ எடுக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். யாராவது ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், எதைச் சந்தேகித்து எழுதுகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வாக்கர், அதட்டல், வீடியோப் பயிற்சி

வாக்கரை நான் ஆதரிப்பதில்லை. குழந்தை சீக்கிரம் நடக்க அது உதவுவதில்லை, படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் எட்டாவது மாதத்தில் சில வாரங்கள் வாக்கரில் விட்டது மூன்று வருடத்துக்குப் பின்னும் ஒரு பையனை நுனிக்காலில் நடக்க வைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். உங்கள் மகனுக்கு இப்போது தேவை உங்கள் நிதானம்.

அதட்டலை மட்டும் உடனே நிறுத்த வேண்டும். சொன்னால் நாலு எட்டு வைப்பான், அப்புறம் மறப்பான். ஏனென்றால் நடை என்பது யோசித்துச் செய்யும் காரியம் இல்லை. நாள் முழுக்க "குதிகால், குதிகால்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை, நடப்பதற்கே கூச்சப்பட ஆரம்பிக்கும். அதிலும் கணுக்கால் இறுகியிருந்தால், அவனால் முடியாத ஒன்றுக்காகத் திட்டு வாங்குகிறான். நர்சரி ஆசிரியையிடம் நேரில் போய், "அவன் வேணும்னு செய்யல மிஸ், டாக்டரிடம் காட்டிட்டு இருக்கோம். நடையைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் அவன் பெயரைச் சொல்லித் திருத்துவதையாவது உறுதியாக நிறுத்தச் சொல்லுங்கள்.

நீட்டிப்புப் பயிற்சியை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கடிதத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது: விரல்களைப் பிடித்து மேலே தள்ளுகிறீர்கள், அவன் அழுகிறான். முன்பாதத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதிதான் வளையும், இறுகிய தசை அப்படியே இருக்கும். நாளடைவில் பாதம் தட்டையாகலாம். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை அதை நிறுத்திவையுங்கள். பிறகு பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை மல்லாந்து படுத்திருக்க, முழங்கால் நேராக இருக்க, உங்கள் உள்ளங்கை குதிகாலை முழுதாக ஏந்தியிருக்க வேண்டும். உங்கள் முன்கை அவன் உள்ளங்காலோடு ஒட்டியிருக்கும். பாதத்தைச் சற்றே உள்பக்கமாக வைத்துக்கொண்டு, குதிகாலைக் கீழே இழுத்தபடி உங்கள் உடம்பை லேசாக முன்னால் சாய்த்தால் போதும். இழுவை கெண்டைக்காலில் தெரிய வேண்டும், வலி இருக்கக் கூடாது. 20 முதல் 30 விநாடி பிடித்து விட்டு, மூன்று நான்கு முறை செய்யலாம். கதை சொல்லும் நேரமும் தூங்கப் போகும் நேரமும் இதற்கு உகந்தவை. அவன் அழுது காலை உதறினால் தசை இன்னும் இறுகும், அதனால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

விளையாட்டாகச் செய்யக்கூடியவையும் உண்டு. குதிகாலால் மட்டும் நடந்து யார் முதலில் சுவரைத் தொடுவது என்று போட்டி வைக்கலாம். கரடிபோலக் கைகளை ஊன்றி, முழங்காலை நீட்டி நடக்கச் சொல்லலாம். சரிவான பாதையில் ஏறி நடக்க விடலாம். கெட்டியான அடியும் குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் பின்பகுதியும் கொண்ட ஷூ உதவும். ஷூவுக்குள் குதிகால் தூக்கியே இருக்கிறதா என்பதை, உள்ளே இருக்கும் அட்டையின் தேய்மானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இவை எல்லாம் இறுக்கம் லேசாக இருக்கும்போது உதவும் வழிகள். நன்றாக இறுகிய கணுக்காலை விளையாட்டும் கைப்பயிற்சியும் மட்டும் மீட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கட்டு, ஊசி, ஆபரேஷன்

காரணம் எதுவும் இல்லை, தசைதான் குறுகியிருக்கிறது என்று தெரிந்தால், இந்த வயதில் நான் முதலில் எதிர்பார்ப்பது தொடர் மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழே இரு கால்களிலும் கட்டுப் போடுவார்கள். அதோடு நடக்கலாம். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, கணுக்கால் விட்டுக்கொடுக்கும் அளவுக்குக் கோணத்தைக் கூட்டி மறுபடி போடுவார்கள். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். அந்த நாட்களில் கால்விரல்களைத் தினமும் பாருங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வெளிறினாலோ, வீங்கினாலோ, பையன் சமாதானமாகாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, இரவு என்று பார்க்காமல் போய்க் கட்டைப் பிரித்துவிட வேண்டும். கட்டு முடிந்தபின் பிளாஸ்டிக்கில் செய்த கணுக்கால் தாங்கியைப் பகலிலோ இரவிலோ சில மாதம் போடச் சொல்வார்கள். பல குடும்பங்கள் சோர்ந்து விட்டுவிடுவது இங்கேதான். தாங்கியை விட்டுவிட்டால் கட்டில் கிடைத்த கோணம் மெல்லக் கைநழுவும். உடம்பு வேகமாக வளரும் பருவங்களில் எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கி மறுபடி இறுகுவதும் உண்டு.

உறவினர் சொன்னது போட்டாக்ஸ் ஊசியாக இருக்கும். பெருமூளை வாதத்தில் தசை விறைப்பைக் குறைக்க அதற்கு உறுதியான இடம் உண்டு. உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளுக்கு மாவுக்கட்டோடு அந்த ஊசியையும் சேர்த்துப் போட்டால் கூடுதல் பலன் உண்டா என்று சுவீடனில் ஒப்பிட்டுப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்.

ஆபரேஷன், கட்டுக்கும் தாங்கிக்கும் மசியாத இறுக்கத்துக்கு. பொதுவாக 5, 6 வயதுக்கு மேல்தான் அந்தப் பேச்சே வரும். மேல் தசையின் உறையை மட்டும் தளர்த்துவது ஒரு முறை, குதிகால் தசைநாணையே நீட்டுவது இன்னொரு முறை. தேவைக்கு மேல் நீட்டிவிட்டால் உந்தித் தள்ளும் பலம் போய், முழங்கால் மடிந்த நிலையில் நடக்க வேண்டிவரும். அதைத் திருத்துவது மிகவும் கடினம். அதனால் அதை "சின்ன ஆபரேஷன்" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேவைப்படும் குழந்தைக்கு அது நல்ல சிகிச்சைதான். உங்கள் மகன் அந்தக் கட்டத்தில் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது

முதலில் குழந்தை மருத்துவரிடமே காட்டுங்கள். அவர் பார்த்து, தேவைப்பட்டால் குழந்தை நரம்பியல் நிபுணரிடமோ எலும்பியல் நிபுணரிடமோ அனுப்புவார். பையன் மருத்துவர் முன்னால் திடீரென்று மிக ஒழுங்காக நடந்து காட்டுவான், இது எல்லாக் குழந்தைகளும் செய்வது. அதனால் வீட்டில் வெறுங்காலோடு, அவன் கவனிக்காதபோது, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் நடையை போனில் எடுத்துவையுங்கள். தரையிலிருந்து எழுவதையும் படியேறுவதையும்கூட எடுங்கள். ஒரு வருடத்துக்கு முன் எடுத்த பழைய வீடியோ இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், மாற்றம் அதில்தான் தெரியும். தேய்ந்த ஷூவும் பிறந்தபோது கொடுத்த மருத்துவக் குறிப்பும் கையில் இருக்கட்டும்.

பரிசோதனை முடிந்ததும், முழங்கால் நேராக இருக்கும்போது ஒவ்வொரு கணுக்காலும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிபிகே எடுக்க வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். எல்லாம் இயல்பு, கணுக்காலும் தளர்வாகவே இருக்கிறது, காத்திருக்கலாம் என்று அவர் சொன்னால் தாராளமாகக் காத்திருங்கள். என் அனுமானம் தவறி, மாமியார் சொன்னதே சரி என்று ஆனால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. அப்படியானாலும் அடுத்த அளவெடுப்புக்குத் தேதி வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அது இருக்கட்டும். இடையில் அந்தக் கோணம் குறைவதுபோல உங்கள் கைக்குத் தெரிந்தால் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.